தண்டையார்பேட்டையிலிருந்து சோங்-கோல் ஏரி வரை: மலைக் கிராமங்கள் வழியே குதிரைப் பயணம், முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் மேடு ஏறிப் பழக வேண்டும் என்றால் ரயில்வே மேம்பாலத்தைத்தான் தேட வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய சமதரை ஊர் நம்முடையது. இங்கே வளர்ந்தவர்கள் மத்திய ஆசியாவின் கிர்கிஸ்தானில் 3,000 மீட்டர் உயரத்தில் நாலு நாள் குதிரை மேல் போய், மேய்ச்சல் கிராமங்களில் தங்கி வரும் பயணத்துக்குக் கிளம்பலாமா? கிளம்பலாம். நான் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போனேன். இரண்டாம் நாள் காலையில் சேணத்தில் உட்கார முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த முறை மூன்று மாதம் பழகிவிட்டுப் போனேன். அதே பாதைதான், ஆனால் அப்போதுதான் மலையை நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

விசாவும் விமானச் சீட்டும் சில வாரங்களில் முடிந்துவிடும். இடுப்பும் தொடையும் தயாராகத்தான் மூன்று மாதம் வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சென்னையிலேயே செய்ய வேண்டிய வேலைதான் இருக்கும்.

எந்த மலை, எந்த மாதம்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் குதிரை ஏறியிருப்பீர்கள். கயிற்றை வேறொருவர் பிடித்துக்கொண்டு வர, நாம் மேலே உட்கார்ந்திருப்போம். நான் சொல்லும் பயணம் வேறு. லகான் உங்கள் கையில் இருக்கும், ஒரு நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் சவாரி, இரவு ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கல். இப்படிப் போக நம்மால் எட்டக்கூடிய இடங்களில் என் தேர்வு கிர்கிஸ்தான். அங்கே குதிரை சுற்றுலாவுக்காகக் கொண்டுவந்து நிறுத்திய மிருகம் கிடையாது. கோடை வந்தால் குடும்பங்கள் ஆடு, மாடு, குதிரைகளோடு மேலே ஏறிவிடுகின்றன. அந்த மேய்ச்சல் வெளிக்கு ஜைலூ என்று பெயர். அங்கே நாலைந்து வயதுப் பிள்ளைகள் நம் தெருவில் சைக்கிள் ஓட்டுவது போலக் குதிரை ஓட்டுகிறார்கள். செலவும் தாங்கக்கூடியது. சமீப ஆண்டுகளில் அவர்களுடைய ஒரு சோம் ஏறத்தாழ நம் ஒரு ரூபாய். மனக்கணக்குக்கு இதைவிட வசதி வேறு இல்லை.

முதல் பயணத்துக்கு சோங்-கோல் ஏரிப் பாதையைப் பரிந்துரைக்கிறேன். ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 29 கிலோமீட்டர், அகலம் 18. கரையில் ஒரு மரம்கூடக் கிடையாது, புல் மட்டும்தான். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரைதான் குடும்பங்கள் மேலே இருக்கும். ஜூலையும் ஆகஸ்டும் சிறந்த மாதங்கள். ஜூனில் பூக்கள் அதிகம், கணவாயில் பனி மிச்சமிருக்கலாம். ஜூலையில் போகிறவர்கள் ஏப்ரலிலேயே பழக ஆரம்பிக்க வேண்டும். நம் கத்திரி வெயிலில்தான் பயிற்சி என்பது இதன் ஒரே கஷ்டம். அதிகாலை ஐந்தரைக்கே எழுந்துவிடுங்கள்.

யார் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், முதுகுத் தண்டில் பிரச்சினை உள்ளவர்கள், இதய நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் சம்மதிக்காமல் கிளம்பக் கூடாது. எடையும் முக்கியம். ஆளும் சேணமும் பையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. மலைக் குதிரைகள் சிறியவை. 400 கிலோ குதிரை என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்த்து 80 கிலோ. உங்கள் எடையை முன்பதிவின்போதே மறைக்காமல் சொல்லிவிட்டால் அதற்கேற்ற பெரிய குதிரையைத் தேடி வைப்பார்கள். இதில் கூச்சப்பட்டால் சுமப்பது குதிரைதான்.

முதல் மாதம்: உடம்பு

குதிரை சவாரியில் குதிரைதானே நடக்கிறது, நமக்கு என்ன வேலை என்று நானும் நினைத்தேன். வேலை முழுக்கத் தொடையின் உட்பக்கத்துக்கும் அடிவயிற்றுக்கும் கீழ்முதுகுக்கும்தான். நாம் அன்றாடம் அதிகம் பயன்படுத்தாத தசைகள் இவை.

காசிமேட்டில் படகில் போகும் அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சியாளரும் சொல்லவில்லை. "கால விறைச்சா கடல்ல விழுவ தம்பி, இடுப்ப விடு." படகில் நின்று பழகியவர்களைக் கவனியுங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அலை தூக்கும்போது இடுப்பு தானாக ஏறி இறங்கும், தோளும் தலையும் அசையாது. குதிரை மேலும் அதே உட்காரல்தான். முழங்காலால் சேணத்தை இறுக்கிப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். குதிரையும் நம் பயத்தை உணர்ந்து வேகமெடுக்கும்.

வாரம் ஐந்து நாள், தினம் நாற்பது நிமிடம் போதும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவது போல நில்லுங்கள். முப்பது நொடியில் ஆரம்பித்து இரண்டு நிமிடம் வரை கொண்டுபோங்கள். அப்புறம் முழு உட்கார்-எழல் மூன்று சுற்று. அதற்குப் பிறகு கயிறு தாண்டுதல். நம் பக்கத்தில் குத்துச்சண்டைக் கூடங்களுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே போகும் நண்பர் இருந்தால் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் கயிறு தாண்டும் விதத்தில் கணுக்கால் பலப்படும், மூச்சும் பிடிபடும். கடைசியில் தரையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் சேர்த்து, முழங்கால்களைத் தரைப் பக்கம் மெல்ல அழுத்தும் பத்த கோணாசனம். இடுப்பு இறுகிய ஆண்களுக்கு இது ஆரம்பத்தில் வலிக்கும். அவர்கள் இதை ஒரு நாளும் விடக் கூடாது.

மூச்சுக்கு மேம்பாலப் படிக்கட்டு. ரயில்வே நடைமேம்பாலம் ஒன்றில் ஏறி இறங்கி அரை மணி நேரம். உயரத்தால் வரும் மூச்சுத் திணறலை இது தடுத்துவிடாது. ஆனால் உடம்பு களைப்பில்லாமல் இருந்தால் உயரம் ஒன்றை மட்டும் சமாளித்தால் போதும்.

இரண்டாம், மூன்றாம் மாதம்: குதிரை

வடசென்னையின் தெருக்களில் ஒரு காலத்தில் ஜட்கா வண்டிகள் நிற்கும். என் தாத்தா வண்ணாரப்பேட்டையில் ஜட்கா ஓட்டியவர். இன்று நம் பக்கம் குதிரை ஏறிப் பழக இடம் தேடுவது கஷ்டம். பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் தென்சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும்தான் இருக்கின்றன. ராயபுரம், மண்ணடிக்காரர்கள் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் போகலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு விம்கோ நகரிலிருந்து கிண்டி வழியாக விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ ரயில் இருக்கிறது. காலை ஏழு மணி வகுப்புக்கு ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். ஞாயிறு தூக்கம் போகும், போகட்டும்.

எத்தனை வகுப்பு? குறைந்தது பன்னிரண்டு. எண்ணிக்கையைவிட இந்த நான்கு விஷயமும் கைவந்ததா என்று பாருங்கள். தனியாக ஏறவும் இறங்கவும் வேண்டும். நடையில் திருப்பவும் நிறுத்தவும் வேண்டும். டிராட் எனும் துள்ளுநடையில் பத்து நிமிடம் விடாமல் எழுந்து உட்கார்ந்து போக முடிய வேண்டும். கடைசியாக, அடுத்தடுத்த இரண்டு நாள் ஒவ்வொரு மணி நேரம் ஏற முடிய வேண்டும். கடைசியானதுதான் உண்மையான தேர்வு. முதல் நாள் யாரும் ஏறிவிடுவார்கள். வலிக்கிற உடம்போடு மறுநாள் ஏறுவதுதான் நாலு நாள் பயணம். கேன்டர், கேலப் எனும் வேக ஓட்டமெல்லாம் கட்டாயம் இல்லை. மலையில் பெரும்பாலான நேரம் நடைதான்.

பள்ளியில் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். ஏறுவதற்கு முன்பும் பிறகும் அரை மணி நேரம் குதிரையோடு வேலை செய்ய விடச் சொல்லுங்கள். தேய்த்துவிடுவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது, சேணம் போடுவது. குதிரைக்காரர்கள் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். காது முன்னால் நிமிர்ந்தால் கவனிக்கிறது, பின்னால் படிந்து ஒட்டிக்கொண்டால் கோபம். ஒரு பின்காலைத் தளர்த்தி நின்றால் ஓய்வெடுக்கிறது. பின்பக்கம் அதற்குக் கண் தெரியாது, அதனால் எப்போதும் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே அணுக வேண்டும். இதெல்லாம் தெரிந்தால் மலையில் பாதி பயம் இல்லை.

முடிந்தால் ஒரு வார இறுதி ஊட்டிக்குப் போய் வாருங்கள். 2,240 மீட்டர். உயரத்தில் தலை வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று உடம்பு ஓரளவு காட்டிவிடும்.

உடை

முதல் முறை ஜீன்ஸ் போட்டுப் போனதுதான் நான் செய்த பெரிய தப்பு. உள்தொடையில் வரும் தடித்த தையல் நாலு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். எம்.சி. ரோட்டில் நல்ல தடிமனான லெக்கிங்ஸ் கிடைக்கும். உள்தொடையில் தையல் இல்லாததாகப் பார்த்து எடுங்கள், ஆண்களும்தான். அதற்குள் சைக்கிள்காரர்கள் போடும் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை. இந்த ஒரு துணிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யுங்கள். பெண்களுக்கு நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம். கிளம்பும் முன் உரசும் இடங்களில் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய்.

காலணியில் உயிர் விஷயம் இருக்கிறது. கீழே விழும்போது கால், சேணத்தில் பாதம் வைக்கும் வளையமான அங்கவடியில் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிரைப் பயணத்தில் நேரக்கூடிய மிக மோசமான விபத்துகளில் இது ஒன்று. அடி தட்டையாக, சின்னதாக ஒரு குதிகால் மேடு உள்ள, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். குதிகால் மேடு இருந்தால் பாதம் உள்ளே வழுக்கிப் போகாது. அகலமான, பல்பல்லான அடி கொண்ட டிரெக்கிங் பூட்ஸ் வேண்டாம், அது மாட்டிக்கொள்ளும். கால்முன்பகுதி மட்டும் அங்கவடியில், குதிகால் கீழே இறங்கியபடி. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

தலைக்கவசத்தைச் சென்னையிலேயே வாங்கிக் கொண்டுபோங்கள். அங்கே எல்லா இடத்திலும் கிடைக்காது, கிடைத்தாலும் அளவு சரியாக இருக்காது. பைக் ஹெல்மெட் எடுத்துப் போகாதீர்கள். கனம் கழுத்தை இழுக்கும், காதையும் மூடும். குதிரை சவாரிக்கென்றே செய்ததுதான் சரி.

குளிர் உடை: ஜூலையிலும் ஏரிக்கரையில் இரவு பூஜ்ஜியத்தை நெருங்கும், சில நாள் பனியும் விழும். உள்ளே ஒட்டும் வெப்ப உடை, அதன் மேல் ஃபிலீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். கையுறை, காதை மூடும் குல்லா. மழைக்கு பாரிமுனையில் தொங்கும் பிளாஸ்டிக் போஞ்சோ வேண்டாம். காற்றில் படபடவென்று அடித்தால் குதிரை மிரளும். பொத்தான் போட்டு இறுக்கக்கூடிய கோட்டும் கால்சட்டையும்தான் சரி. குடையும் செல்ஃபி குச்சியும் வீட்டிலேயே இருக்கட்டும். குதிரை மேல் இருந்தபடி ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். இரண்டு கையும் சட்டைக்குள் மாட்டியிருக்கும் அந்த நொடியில்தான் குதிரை எதையாவது பார்த்துத் துள்ளும்.

பை ஒன்றுதான், எட்டு கிலோவுக்குள். சேணத்தின் இரு பக்கமும் தொங்கும் குர்ஜுன் பைக்குள் அது போக வேண்டும், அதனால் சக்கர சூட்கேஸ் கூடாது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் போடுங்கள். தலைவிளக்கு, பவர் பேங்க், சன்ஸ்கிரீன், உதட்டு பாம், ஓஆர்எஸ் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, பேண்டேஜ். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். உயர நோய்க்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். வெயிலில் வளர்ந்த நமக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று நினைக்க வேண்டாம். 3,000 மீட்டரில் என் மூக்கும் காதும் உரிந்து போயின.

விசா, விமானம், பதிவு

இந்தியர்களுக்கு கிர்கிஸ்தான் அரசின் ஈ-விசா இருக்கிறது. அரசின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். சென்னையிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு டெல்லி அல்லது வளைகுடா வழியாகப் போகலாம். வழித்தடங்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, அதனால் மூன்று மாதத்துக்கு முன்பே பார்த்து முடியுங்கள். பிஷ்கெக்கில் நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் மருத்துவம் படிக்கிறார்கள், இந்திய உணவகங்களும் இருக்கின்றன. சோறு கிடைக்குமா என்று அம்மா கவலைப்பட்டால் இதைச் சொல்லலாம்.

பயணக் காப்பீட்டில் குதிரை சவாரி என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல திட்டங்கள் அதைச் சாகச விளையாட்டு என்று விலக்கி வைக்கின்றன. எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

குதிரைக்குப் பதிவு செய்வதில் என் அனுபவம் ஒன்று. முதல் முறை ஒரு முகவரிடம் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டுப் போனேன். அங்கே கிடைத்த குதிரைக்கு முதுகில் புண் இருந்தது, வழிகாட்டிக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது. அடுத்த முறை கோச்கோரில் இருக்கும் சிபிடி அலுவலகம் வழியாக ஏற்பாடு செய்தேன். இது கிராமத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சமூகச் சுற்றுலா அமைப்பு. 2000-ஆம் ஆண்டில் ஹெல்வெட்டாஸ் என்ற சுவிஸ் உதவி நிறுவனத்தின் துணையோடு உருவானது. இங்கே கணக்கு உடைத்துச் சொல்லப்படும்: உங்கள் குதிரைக்கு ஒரு நாள் வாடகை, வழிகாட்டிக்குக் கூலி, வழிகாட்டியின் குதிரைக்கு வாடகை, தங்கல், சாப்பாடு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் வழிகாட்டிச் செலவு பிரிந்துவிடும். யாரிடம் பதிவு செய்தாலும் கிளம்பும் முன் இந்த மூன்றைப் பாருங்கள். சேணத்துணியைத் தூக்கி முதுகில் புண்ணோ வீக்கமோ இருக்கிறதா, லாடம் நாலும் உறுதியாக இருக்கிறதா, குதிரை நடக்கும்போது தலையை ஏற்றி இறக்கி நொண்டுகிறதா. ஏதாவது இருந்தால் பணிவாக வேறு குதிரை கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

பணத்தை கோச்கோரிலேயே ரொக்கமாக எடுத்துவிடுங்கள். மேலே ஏடிஎம் கிடையாது.

பாதை, நாள்வாரியாக

பிஷ்கெக்கில் இறங்கிய அன்றே மலைக்கு ஓடாதீர்கள். அது 800 மீட்டர். ஒரு இரவு அங்கே தங்கி, மறுநாள் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து மார்ஷ்ருத்கா எனும் வேனில் கோச்கோர் போகலாம். சுமார் 200 கிலோமீட்டர், மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கோச்கோர் 1,800 மீட்டர். அங்கேயும் ஒரு இரவு. இந்த இரண்டு இரவும் உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு. அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

முதல் சவாரி நாள் கிசார்ட் கிராமத்திலிருந்து. குதிரைகளை இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வயல் தாண்டி, மேடு ஏறி, மூன்று நான்கு மணி நேரத்தில் கிலெம்சே மேய்ச்சல் வெளி. சின்ன நாள்தான். அன்று மாலை தொடையை நன்றாக நீட்டி மடக்குங்கள்.

இரண்டாம் நாள்தான் பெரிய நாள். ஐந்து ஆறு மணி நேரம். ஜல்கிஸ் கரகாய் என்ற கணவாய், 3,300 மீட்டருக்குச் சற்று மேல். பெயருக்கு ஒற்றை ஊசியிலை மரம் என்று பொருள். ஏற்றம் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். உச்சிக்கு வந்ததும் ஏரி மொத்தமும் ஒரே வீச்சில் தெரியும். நான் குதிரையை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. எண்ணூரிலிருந்து பார்க்கும் கடலுக்குப் பழகிய கண்ணுக்கு, மரமே இல்லாத மலைகளுக்கு நடுவில் அவ்வளவு தண்ணீர் வேறு மாதிரி இருந்தது. மதியத்துக்கு மேல் ஆலங்கட்டி மழை வருவது வழக்கம். அதனால் காலை எட்டரைக்குள் கிளம்பிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் கரையோரமாக. சமதரை, அதனால் வழிகாட்டி சம்மதித்தால் கொஞ்சம் வேகமாகப் போகலாம். சில குதிரைகளுக்கு ஜோர்கோ என்ற இயல்பான ஓட்டம் உண்டு, குலுக்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்படி ஒன்று கிடைத்தால் பாக்கியம். தலை வலித்தாலும் வாந்தி வந்தாலும் மறைக்காதீர்கள். ஓய்விலும் குறையவில்லை என்றால் கீழே இறங்குவதுதான் மருந்து. ஏரிக்கு மண்சாலை இருப்பதால் வண்டி வரவழைக்க முடியும்.

நான்காம் நாள் துஸ்-அஷு, அதாவது உப்புக் கணவாய் வழியாகத் திரும்ப கிசார்ட் பக்கம் இறக்கம். சில இடங்கள் செங்குத்து. அங்கே இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்து நடங்கள். உங்கள் முழங்காலுக்கும் நல்லது, அதன் முன்னங்காலுக்கும் நல்லது.

சேணத்தில் இருக்கும்போது

கிளம்பிப் பத்து நிமிடத்தில் வயிற்றுவாரை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சேணம் கட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், நடந்தபின் தளர்ந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டதில் என் சேணம் ஒரு சரிவில் பக்கவாட்டில் சுழன்று, நான் புல் மேல் விழுந்தேன். புல் மெத்தென்று இருந்ததால் தப்பித்தேன்.

அங்கே லகானை ஒரே கையில் பிடித்துக் கழுத்தின் மேல் சாய்த்துத் திருப்புவார்கள். நம் பள்ளியில் இரண்டு கையால் பழகியிருப்போம், அரை மணியில் பழகிவிடும். கிளப்ப "சூ!" என்பார்கள். கையில் கம்சி என்ற சின்னச் சாட்டையும் தருவார்கள். என் குதிரைக்கு அதைக் காட்டினாலே போதுமாக இருந்தது, அடிக்கத் தேவையே வரவில்லை.

ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள், லகானை இழுக்காதீர்கள். இறக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பாரத்தைக் குதிகாலுக்கு இறக்குங்கள். ஆற்றைக் கடக்கும்போது ஓடும் தண்ணீரைப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். எதிர்க்கரையில் ஒரு கல்லைக் குறிவைத்துப் பாருங்கள். குதிரை தலையைக் குனிந்து குடித்தால் விட்டுவிடுங்கள். ஆனால் நின்று ஒரு காலால் தண்ணீரைத் தட்டித் தட்டி அடித்தால் அது படுத்துப் புரளப் போகிறது என்று பொருள். உடனே குதிகாலால் தட்டிக் கிளப்புங்கள், இல்லாவிட்டால் பையோடு நனைவீர்கள். முன் குதிரைக்கும் உங்களுக்கும் ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள். லகானை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

வீடுகளில்

தங்குவது போஸ் உய் என்ற வட்டக் கம்பளிக் கூடாரத்தில். நடுவில் அடுப்பு, எரிப்பது சாண வறட்டி. வறட்டி மணம் நமக்குப் புதிதில்லையே. கழிப்பறை தூரத்தில் ஒரு குழி. குளியலை நாலு நாள் மறந்துவிடுங்கள். ராத்திரி வெளியே போவதென்றால் தலைவிளக்கோடு, நாய்களைக் கவனித்துப் போங்கள். பகலில் நெருங்கும்போதும் வழிகாட்டி முன்னால் போகட்டும்.

முறை சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு. தன்னைவிடப் பெரியவரை பைகே என்பார்கள், நம் அண்ணன் மாதிரி. அக்காவுக்கு எஜே. என் நாவில் "எஜே" வந்த அன்றுதான் அந்த வீட்டு அம்மா என்னைச் சமையல் பக்கம் வர விட்டார். நன்றிக்கு ரக்மத். ரொட்டிக்கு நான், தேநீருக்கு சாய், அதற்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், கீழே போடாதீர்கள். சோற்றை நாம் எப்படி மதிப்போமோ அப்படி. தேநீரைப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவார்கள். மறுபடி மறுபடி ஊற்றித் தர விரும்புகிறோம் என்று அதற்குப் பொருள். குறைத்து ஊற்றுகிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம்.

சாப்பாட்டில் ஆட்டிறைச்சி, உருளை, மாவுப் பண்டம், பொரித்த போர்சோக், கெட்டி பாலாடை, ஜாம். மாட்டிறைச்சியும் குதிரை இறைச்சியும் அங்கே சாதாரண உணவு. சாப்பிடாதவர்கள் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சைவர்களுக்கு ரொட்டி, முட்டை, உருளை, பாலாடைதான் மாறி மாறி வரும். வறுத்த கடலையும் பருப்புப்பொடியும் பேரீச்சம்பழமும் கொண்டுபோங்கள். கிமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் தருவார்கள். ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள், முதல் நாளே கோப்பை கோப்பையாக வேண்டாம், வயிறு கலக்கிவிடும். பிள்ளைகளுக்கு மிட்டாய் அள்ளிக் கொடுப்பதைவிட சென்னைப் படம் போட்ட அஞ்சலட்டை, வண்ணப் பென்சில் நல்லது. காசிமேட்டுப் படகுகளின் படம் ஒன்றை நான் கொடுத்தேன். கடலே இல்லாத நாடு, அதை அந்த வீட்டில் எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

இறங்கிய பிறகு

மாலையில் இறங்கியதும் நேராகக் கூடாரத்துக்குள் ஓடத்தான் தோன்றும். "முதல்ல குதிரை, அப்புறம் நீ" என்பார் தாத்தா. வேர்வையோடு இருக்கும் குதிரைக்கு அங்கே உடனே தீனியோ தண்ணீரோ கொடுப்பதில்லை. வாரைத் தளர்த்தி, கட்டி நிறுத்தி, உடம்பு ஆறிய பிறகே மேய விடுவார்கள். அது வழிகாட்டியின் முடிவு, நாம் இரக்கப்பட்டு வாளியை நீட்டக் கூடாது. ஆனால் அவரோடு நின்று முதுகைத் தடவிப் பார்த்து, ஈரத்தைத் துடைத்து, குளம்பில் கல் இருந்தால் எடுத்துவிடலாம். மறுநாள் சேணம் உரசப் போகும் இடம் அன்று மாலையே சூடாக, வீங்கித் தெரியும். சொன்னால் துணியை மாற்றி மடித்துப் போடுவார்கள்.

கடைசி நாள் வழிகாட்டிக்கு அன்பளிப்பு கொடுப்பதென்றால் அவர் கையிலேயே கொடுங்கள். சென்னைக்குத் திரும்பியதும் ஷூவின் அடியை சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். லெக்கிங்ஸையும் கையுறையையும் வெந்நீரில் போடுங்கள். ஒரு ஊர்க் குதிரையின் நோய் இன்னொரு ஊர்க் குதிரைக்குத் துணியிலும் மண்ணிலும் போகக்கூடும். அதெல்லாம் முடிந்த பிறகு அடுத்த ஞாயிறு பயிற்சிப் பள்ளிக்குப் போகலாம்.